ஆஞ்ஜெலின் வைத்த பாசிமணி

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடபகுதியில், ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றின் பழைய ரயில் நிலையம்தான் இப்போது ஊர் அருங்காட்சியகம். வாரத்தில் இரண்டு நாள் திறக்கும். லோர்னா ஹாகன் சம்பளம் வாங்காமல் அதைக் கவனித்துக்கொண்டாள். முப்பது வருஷம் துணிக்கடை நடத்திய கை, சும்மா இருக்குமா? கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்து, தைத்து, ஒழுங்குபடுத்திவிடும்.

அன்று காலை டெல்ஃபின் கிங்பேர்ட் வந்தாள். ஒஜிப்வே பழங்குடிப் பெண், எழுபத்து நான்கு வயது. லோர்னாவின் கடையில் நூல் வாங்கிய காலத்துப் பழக்கம்.

“வாங்கக்கா. இந்தப் பனியில எதுக்கு இவ்வளவு தூரம்?”

“உன் காப்பிக்காக வரல, பயப்படாத. அந்தத் தோள்பையைக் காட்டு.”

அருங்காட்சியகத்தில் இருந்த, கொடியும் ஸ்ட்ராபெரிப் பழங்களுமாகப் பாசிமணி வைத்துத் தைத்த பை. செய்தவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை. டெல்ஃபினின் அம்மா ஆஞ்ஜெலின், தைத்ததையெல்லாம் சுற்றுலா வந்தவர்களிடம் விற்று மாவு வாங்கியவள். மகளிடம் அம்மாவின் கைவேலை என்று ஒரு நூல்கூட மிஞ்சவில்லை. இதுவாவது அவளுடையதாக இருக்காதா என்ற ஆசையில்தான் வந்திருந்தாள்.

மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பழம் பழமாக விரலால் தடவிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு பையை மேசைமேல் வைத்துவிட்டாள்.

“இது எங்க அம்மா செஞ்சதில்ல.”

“எப்படிச் சொல்றீங்க?”

“எங்க ஆளுங்க எதையும் குறையில்லாம முடிக்க மாட்டாங்க. படைச்சவனுக்குப் போட்டியா நிக்கக் கூடாதுன்னு, வேணும்னே ஒரு மணியை நிறம் மாத்தி வைப்பாங்க. எங்க அம்மாவுக்குன்னு ஒரு இடம், ஒரு நிறம் இருந்துச்சு. இதுல அப்படி ஒண்ணுமே இல்ல.”

போன குளிர்காலத்தில், தப்பாகத் தைத்திருக்கிறார்கள் என்று லோர்னாதான் ஒரு மணியைப் பிரித்து மாற்றினாள். அது யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டால் மானம் தப்பும். பாவி மனசு ஒரு கணம் அதையும் யோசித்தது.

டெல்ஃபின் கோட்டுப் பொத்தானைப் போடத் தொடங்கினாள்.

“அக்கா, அப்படி ஒரு மணி இருந்துச்சு. கைத்தவறுதலா வச்சதுன்னு நினைச்சு நான்தான் எடுத்துட்டேன்.”

“எங்க இருந்துச்சு?” டெல்ஃபின் பொத்தானை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

“இடது ஓரத்துல, இலைக்குக் கீழ தொங்குற கடைசிப் பழத்துல. சிவப்புக்கு நடுவுல ஒரு வெள்ளை.”

டெல்ஃபின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “வெள்ளைதான். அந்தப் பழந்தான். அம்மாவேதான்,” என்றாள். பையை மடியில் வாரி வைத்துக்கொண்டு அழுதாள்.

“மன்னிச்சிருங்கக்கா. அந்த மணி குப்பையோட போயிருச்சு. வேற வெள்ளை மணி வச்சுத் தரட்டுமா?”

“நீ வச்சா அது உன் குறை. எங்க அம்மாவோடது ஆகுமா? ஊசியைக் கண்டாலே உனக்குக் கை அரிக்கும்.” அழுகைக்கு நடுவே டெல்ஃபினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். “இப்படி உட்காரு. அதைக் கடைசியாப் பார்த்தவ நீதான். எப்படி இருந்துச்சுன்னு மெதுவாச் சொல்லு.”

லோர்னா உட்கார்ந்து, அந்தப் பழத்தின் மேல் விரலை வைத்துச் சொல்லத் தொடங்கினாள்.