இரைக்குழாய் செய்முறையில் ஒன்பதாவது குறிப்பு

1

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. ஒரு செய்முறைக் குறிப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கேட்டவன் என் மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். கயாக்கில், அதாவது ஒற்றை ஆள் துடுப்புப் படகில், போய் மீன் பிடிக்கிறவர்களுக்கு உயிர் இரை வேண்டும்; தூண்டிலில் மாட்டும்வரை அந்தச் சின்ன மீன்கள் சாகக்கூடாது. அதற்கு ஒரு குழாய் உண்டு. உடம்பெல்லாம் துளை. கயாக்குக்குப் பின்னால் கயிற்றில் கட்டி, தண்ணீரிலேயே இழுத்துக்கொண்டு போகலாம். கடையில் விற்கிறார்கள். நாங்கள் வீட்டில் செய்தோம்.

"மாமா, அக்காவுக்குச் செஞ்ச மாதிரி எனக்கும் ஒண்ணு வேணும். நீங்க செய்ய வேணாம், எழுதிக் குடுங்க போதும். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை போறேன்."

"எங்க?"

"அங்கதான்."

அங்கே என்றால், ஆறு ஏரியில் கலக்கிற திருப்பம். போன வருடம் என் மனைவி இறந்த இடம்.

மிக்சிக்கும் துணி துவைக்கிற இயந்திரத்துக்கும் கையேடு எழுதுவது என் வேலை. இது அரைமணி நேரத்து விஷயம். பதினொரு நாளாகிறது. எட்டுக் குறிப்புகள் முடிந்து அவனுக்கு அனுப்பியாயிற்று. ஒன்பதாவது வரவில்லை. அது வராத நேரங்களில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தொடக்கங்கள் சில முயன்றேன்.

மழை விட்டிருந்தது. (மழையே இல்லை.)

அவள் தண்ணீருக்குப் பயப்படாதவள். (நான் கேட்டதில்லை.)

ஒரு குழாயில் ஆறு மீன்கள் இருந்தன. (இது இருக்கட்டும்.)

2

முடிந்த குறிப்புகளைச் சுருக்கித் தருகிறேன். செய்து பார்க்காதீர்கள், ஒன்பதைப் படிக்கும்வரை.

நாலு இஞ்ச் பி.வி.சி. குழாயில் இரண்டடி அறுத்துக்கொள்ளவும். பென்சில் பருமனுக்கு மேல் போகாமல் சுற்றிலும் துளை போடவும்; பெரிதானால் மீன் தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். துளையின் உட்புறப் பிசிறை உப்புத்தாளால் தேய்க்கவும். செதில் உரிந்த மீன் ஒரு மணி நேரம் தாங்காது. முன்முனையில் குழாயைக் குறுக்கும் ரெடியூசரைப் பசைபோட்டு ஒட்டவும். மூக்கு கூராக இருந்தால்தான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும். பின்முனையில் மரை மூடி. மேல்பக்கம் நுரைத்தண்டு ஒன்றைக் கட்டவும், மிதக்க. பசை வாடை போக இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போடவும். மூக்கில் ஒரு துளையிட்டுக் கயிற்றைக் கோக்கவும்.

இது எட்டு.

ஒன்பது: கயிற்றின் மறுமுனையைக் கயாக்கின் பின்வளையத்தில்—

(எங்கள் தொழிலில் ஒரு விதி. எச்சரிக்கை, அது எந்த வேலையைப் பற்றியதோ அந்த வேலைக்கு முன்னால் வரவேண்டும். 'மூடியைத் திறக்கவும். திறக்குமுன் மின்சாரத்தை நிறுத்தவும்' என்று எழுதியவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். எழுதியவர் நான் அல்ல. அனுப்பச் சொன்னது நான்.)

3

அவளை எழுதத் தெரியவில்லை. எழுதினால் நல்லவளாகிவிடுகிறாள்.

அவள் அப்படியில்லை. எதிலும் தோற்கப் பிடிக்காது. பிடித்த மீனை அளக்கும்போது வாலைப் பிடித்து இழுத்து அளப்பாள். "ரப்பரா அது?" என்று கேட்டால், "உன் மீன் குட்டைன்னா அதுக்கு நான் என்ன பண்றது?" என்பாள்.

தண்ணீரில் கத்தினால் மீன் ஓடிவிடும். அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. மீன் மாட்டினால் துடுப்பின் கட்டையால் கயாக்கின் பக்கத்தில் தட்டவேண்டும். இரண்டு தட்டு. இடைவெளி. ஒரு தட்டு. 'மாட்டியாச்சு, வந்து பார்' என்று பொருள். எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. இப்போது உங்களுக்கும் தெரியும்.

முதல் தடவை குழாயை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகத்தான் கட்டினேன். பாதி வழியில் தானாக அவிழ்ந்துவிட்டது. காலை முழுக்கப் பிடித்த இரை, குழாயோடு போனது. தேடி எடுக்க மத்தியானமாயிற்று.

"உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வர ஒரு வருஷம் ஆகும்," என்றாள். "முடிச்சு மட்டும் அஞ்சே நிமிஷம்."

ஒரு வாரம் சிரித்தாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

4

தம்பிக்கு மாதிரி காட்டுவதற்காகப் புதிதாக ஒரு குழாய் செய்தேன். போன செவ்வாய்க்கிழமை காலை, என் கயாக்கில் கட்டி இழுத்துப் பார்த்தேன். திருப்பம் பக்கம் போகவில்லை. காலிக் குழாய். மூடியை இறுக்கியது நன்றாக நினைவிருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் கயிறு கனத்தது. கரைக்கு வந்து மூடியைத் திறந்தேன்.

உள்ளே மீன்கள். உயிரோடு. ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம். துளை பென்சில் பருமன்.

எண்ணினேன். ஆறு.

(அவள் போன அன்று குழாயில் ஆறு மீன் போட்டோம். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். "ஆறு போதும், பேராசைப்படாத," என்றாள். குழாய் ஐந்து நாள் கழித்துத்தான் கிடைத்தது. ஆறும் உயிரோடு இருந்தன.)

தம்பிக்கு போன் செய்தேன்.

"நீங்களே போட்டிருப்பீங்க மாமா. மறந்திருப்பீங்க. முந்தாநாள் அடுப்பை அணைச்சியான்னு போன்ல மூணு தடவை என்னைக் கேட்டீங்க. நான் அன்னிக்கு உங்க வீட்டுக்கே வரல."

இருக்கலாம். குழாயை வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறைத் தண்ணீர் டிரம்மில் போட்டேன். மறுநாள் காலை பல் தேய்க்கும்போது டிரம்மின் பக்கத்தில் ஏதோ மோதியது. இரண்டு. இடைவெளி. ஒன்று.

மீன் வாலால் அடித்திருக்கும். மீனுக்கு எண்ணத் தெரியாது என்று யார் சொன்னது?

5

உண்மையைக் கொஞ்சம் மாற்றினால்தான் கதை என்பார்கள். அதனால் நான்காவது பகுதியில் ஆறு என்று இருந்ததை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினேன். வேறு காரணம் இல்லை.

பிறகு கைகழுவப் போனேன். போனவன் மூடியைத் திறந்து பார்த்தேன்.

ஏழு.

திரும்பி வந்து ஏழை அடித்து ஆறு ஆக்கினேன். போய்ப் பார்த்தேன். ஆறு.

இந்தப் பகுதியை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். நீக்கினால் என்ன நீங்கும் என்று தெரியாததால் விட்டுவைத்திருக்கிறேன்.

6

நீங்கள் என் இடத்தில் இருந்தால் அடுத்து எதை எழுதியிருப்பீர்கள்? நானும் அதைத்தான் எழுதினேன்.

அன்று முடிச்சு அவிழ்ந்துவிட்டது. குழாய் தனியாக மிதந்து போயிற்று. அவள் கரைக்கு வந்து, நனைந்த தலையைத் துவட்டியபடி, "பாத்தியா, மறுபடியும்," என்று சிரித்தாள்.

மூன்று வரி. எழுதி முடித்ததும் ஹாலில் ஏதோ விழுந்தது.

அவளுடைய கயாக் ஹாலில் சுவரோரம் நிற்கிறது, பின்முனை மேலே இருக்கும்படி. பின்வளையத்தின்மேல் அவள் துண்டைப் போட்டு மூடியிருந்தேன். துண்டு கீழே கிடந்தது. வளையம் காலியாக இருந்தது. மீட்புக்காரர்கள் அறுத்தது போக வளையத்தில் மிஞ்சியிருந்த ஒரு சாண் கயிறு, தரையில் நேராகக் கிடந்தது. முடிச்சே போடாத கயிறு மாதிரி. சுற்றிலும் வெள்ளைத் தூள்.

வாசற்கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுக்காரர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். சாயங்காலம்வரை யாரும் வரவில்லை. டிரம்மில் குழாயைத் திறந்தேன். மூடி இறுக்கமாக இருந்தது. ஒரு மீனும் இல்லை.

கதை என் கையைக் கழுவிக் கொடுத்தது. அவளைக் கொடுக்கவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். இனி அந்தக் கயிற்றைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. தம்பிக்கு 'கயிற்றைக் கட்டவும்' என்று ஒரு வரி போதும். அப்படியே எழுதினேன். அப்போது போன் வந்தது.

"மாமா, எட்டு வரைக்கும் முடிச்சுட்டேன். ஒன்பதுல என்ன பெருசா இருக்கப்போவுது? வளையத்துல இறுக்கிக் கட்டி, மேல கொஞ்சம் பசை தடவிடறேன். மிச்சம் இருக்கு. ஜென்மத்துக்கும் அவுராதுல்ல?"

முடிச்சுக்குப் பசை தடவுவதைப் பற்றி நான் அவனிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

"தடவாத," என்றேன். "நாளைக்கு வா. எழுதித் தர்றேன்."

"இவ்ளோ வேகமா நீங்க பேசி நான் கேட்டதே இல்ல," என்றான்.

7

இனி வருவது மாற்றப்படவில்லை.

அவள் ஒரு வாரம் சிரித்த பிறகு, நான் முடிச்சை மாற்றிக் கட்டினேன். இரட்டை முடிச்சு. கயிற்று முனையை நெருப்பில் உருக்கினேன். குழாய்க்கு ஒட்டியது போக மிஞ்சிய பசையை முடிச்சின்மேல் தடவிக் காயவைத்தேன். "இப்ப அவுத்துப் பாரு," என்றேன். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "சரி, தோத்துட்டேன்," என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

திருப்பத்தில் தண்ணீருக்கடியில் ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. குழாய் அதன் கிளைகளுக்கிடையில் சிக்கிக்கொண்டது. இழுவை கயாக்கின் பின்முனையைக் கீழே அழுத்தியது. ஒரே இழுப்பில் அவிழ்ந்திருந்தால் ஒரு குழாயோடு போயிருக்கும். கயாக் கவிழ்ந்தபோது கயிறு அவள் காலில் சுற்றிக்கொண்டது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாள். பிடித்து வைத்திருக்கும் கயிற்றிடம் அது என்ன செய்யும்?

கயாக் கவிழ்வதற்குமுன் அவள் தட்டினாள். இரண்டு, இடைவெளி, ஒன்று. கத்தினால் மீன் ஓடிவிடும் என்று பழகிப்போனவள். எனக்கு முதுகுப் பக்கம், கூப்பிடு தூரம். என் தூண்டிலிலும் அப்போது ஒரு மீன் இருந்தது. அவளுக்கு மாட்டியதைவிட என்னுடையது நீளமா என்று பார்க்கவேண்டியிருந்தது. மறுபடி தட்டினாள். 'இரு, வர்றேன்,' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது முறை தட்டியபோது இரண்டு மட்டும் கேட்டது.

என் மீன் பதினான்கு இஞ்ச். வாலை இழுக்காமல்.

இதை எழுதி முடித்து ஹாலுக்குப் போனேன். கயிறு வளையத்தில் இருந்தது. முடிச்சு கல் மாதிரி. துண்டை எடுத்து மறுபடி அதன்மேல் போட்டேன்.

8

சனிக்கிழமை. காலை பத்தரை. அவன் வந்துவிட்டான், ஹாலில் உட்கார்ந்து படிக்கிறான். இந்தக் கதையை அல்ல, குறிப்பை. நான் சமையலறை மேடையில் நின்றபடி இதை எழுதுகிறேன். நடப்பதை மட்டும். நடக்கப்போவதை எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஒன்பதாவது குறிப்பை முதலில் தொழில்முறையில்தான் எழுதியிருந்தேன்: 'முந்தைய மாதிரியில் கயிறு நிரந்தரமாகக் கட்டப்பட்டிருந்தது.' கையேட்டில் 'நான்' வராது. யார் கட்டினார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதை அடித்துவிட்டேன். அவன் கையில் இருப்பது இது:

எச்சரிக்கை: ஒரே இழுப்பில் அவிழும்படி மட்டும் கட்டவும். முனை கைக்கு எட்டவேண்டும். கத்தி ஒன்று மார்புப் பக்கம் இருக்கட்டும். இறுக்கிக் கட்டிப் பசை தடவினால் என்ன ஆகும் என்பதை உன் அக்காவின் கயாக்கில் பார்க்கலாம். கட்டியது நான்.

காகிதம் திரும்பும் சத்தம் கேட்டது.

நாற்காலி நகர்கிறது. துண்டு விழுகிறது. நகத்தால் சுரண்டும் சத்தம். அவன் அக்கா சுரண்டிய மாதிரியே. கயிறு அவன் தொழில். ஒருமுறை தொட்டால் போதும் அவனுக்கு.

"மாமா."

"ம்."

"இது அவுராது மாமா."

"ஆமா."

அழுகிறானா, காகிதத்தைக் கிழிக்கப்போகிறானா, இங்கே வருகிறானா, தெரியவில்லை. மூன்றையும் என்னால் எழுத முடியும். எதை எழுதினாலும் அது நடந்துவிடும். அதனால் எழுதவில்லை.

குளியலறையில் ஒரு தட்டு. இன்னொன்று.

"மாமா," என்கிறான் அவன். குரல் மாறியிருக்கிறது. "உள்ள யாரு?"

இடைவெளி.

அடுத்த தட்டு நான் எழுதினால்தான் கேட்கும். எழுதினால் இந்த முறை நான் போகவேண்டும். பேனாவை மூடி மேடையில் வைக்கப்போகிறேன்.

உங்களுக்குத் தட்டின் கணக்கு தெரியும்; மிச்சம் ஒன்று. பக்கத்தில் மேசையோ சுவரோ இருக்கும். விரலும் இருக்கிறது.