பல் டாக்டர் வீட்டுக் கார்

அந்தக் காரைப் பற்றித் தையல்காரம்மாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அவளைவிட வயதில் மூத்த வண்டி, பாலேட்டு நிறம், முன்னால் இரண்டு வட்ட விளக்கு. அவ்வளவுதான். ஆனால் அதை எப்படியாவது தன் புருஷன் தலையில் கட்டிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஊரில் உள்ள மனைவிமார் எல்லாம், இந்த மனுஷன் பழைய காரை வாங்கித் தொலைத்துவிடுவானோ என்று பயப்படுவார்கள். இவளுக்கோ அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

காரணம் இல்லாமல் இல்லை. அவள் புருஷன் முப்பது வருஷத்துக்கு மேல் டவுன் பஸ் ஓட்டியவர். டிப்போவில் அவருக்குப் பெயர் வெடி. குறுக்கே வந்தவன், ஓரமாகப் போகாதவன், படியில் தொங்கினவன், ஒருத்தனையும் விட்டுவைக்க மாட்டார். அவர் வாய் ஓய்ந்தால்தான் ஹாரன் அடிப்பார் என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். வீட்டிலும் அதே கச்சேரிதான். காபி சூடு போதாது, மின்விசிறி சத்தம் போடுகிறது, தையல் மெஷினை ஏன் வழியில் வைத்தாய். அவளும் சும்மா விடமாட்டாள், ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள். அப்படித்தான் அந்தக் குடித்தனம் ஓடிக்கொண்டிருந்தது.

ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் மாப்பிள்ளை புதுக் கார் வாங்கிக்கொண்டு வந்தார். "மாமா, நீங்கதான் முதல்ல ஓட்டணும்" என்று சாவியைக் கையில் கொடுத்தார். பஸ் மிதித்த கால் அல்லவா? பஸ்ஸை மிதிப்பதுபோலவே ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்துவிட்டார். அந்த வண்டியோ தொட்டாலே துள்ளுகிற ஜாதி. ஒரே பாய்ச்சலில் போய் கேட் தூணில் முட்டி நின்றது. ஒரு நிமிஷம் முன்னால்வரை பேத்தி அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மாப்பிள்ளை தங்கமான பையன், கோபப்படவே இல்லை. "பரவாயில்ல மாமா, வயசாச்சுல்ல" என்றார். பாவி, திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கு மூடிய வாய்தான். அதற்குப் பிறகு மனுஷன் ஸ்டியரிங்கையும் தொடவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார், சொன்ன இடத்தில் உட்கார்ந்தார். ஒருநாள் வேண்டுமென்றே சாப்பாட்டில் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார். அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. இப்படியே விட்டால் இந்த ஆள் உயிரோடு இருந்தும் இல்லாமல் போய்விடுவார் என்று தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டர் பேன்ட்டைக் குட்டையாக்க வந்தார். கிளினிக்கை மூடிவிட்டு மகளோடு அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறாராம், அங்கே காரை நிறுத்த இடமில்லையாம். "விலையைப் பத்திக் கவலையே இல்லம்மா, நல்ல கைக்குப் போனாப் போதும். ஆனா யாரு வாங்குவாங்க? கிளட்ச் பஸ் மாதிரி கனம். என் முழங்கால் போனதே அதனாலதான்."

பஸ் மாதிரி கனம். அளவெடுத்துக்கொண்டிருந்தவள் டேப்பை அப்படியே விட்டுவிட்டாள்.

வீட்டில் விஷயத்தை மெல்ல அவிழ்த்தாள். "நமக்கு எதுக்குக் கார்? யாரு ஓட்டுறது?" என்றார் அவர்.

"வாங்கறதைப் பத்தி யாருங்க பேசினா? எஞ்சின் சத்தத்தைக் கேட்டுட்டு நல்லதா கெட்டதான்னு சொல்லுங்க. காசா பணமா?"

பல் டாக்டர் வீட்டுக் கொட்டகையில் அட்டைப் பெட்டிகளுக்கும் பழைய நாற்காலிக்கும் நடுவில் கார் நின்றது. டாக்டர் ஒரு வழியாக ஸ்டார்ட் செய்தார். வண்டி இருமியது, கனைத்தது, பிறகு நிதானமாக உறுமியது. தையல்காரம்மா காரைப் பார்க்கவில்லை, புருஷன் முகத்தைத்தான் பார்த்தாள். அவர் தலையைச் சற்றுச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

"ஒரு சுத்து ஓட்டிப் பாருங்களேன்" என்றார் டாக்டர்.

"வேணாம் சார்." இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

அவ்வளவுதான், தையல்காரம்மா பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். "நான் ஏறிட்டேன். இனிமே எறங்க மாட்டேன்" என்றாள். ஏறி உட்கார்ந்த ஆளை இறக்கிவிட்ட பழக்கம் அவருக்கு இல்லை. வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு டியூட்டிக்கு ஏறுகிறவர்போல சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். டாக்டர் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

கால் கிளட்சை மிதித்தது. கிளட்ச் எதிர்த்து நின்றது. இன்னும் அழுத்தி மிதித்தார், இறங்கியது. வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் தெருவுக்கு வந்தது. அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முதல் தெரு நன்றாகவே போனது. முனையில் பஸ் திரும்புகிற மாதிரி அகலமாக வளைத்தார், டாக்டர் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டார். பெரிய ரோட்டுக்கு வந்ததும் வண்டி தானாக ஓரம் கட்டி நின்றது. எங்கே என்று பார்த்தால், பஸ் ஸ்டாப்!

அங்கே ஒரு பருத்த அம்மாள் கையில் இரண்டு பைகளோடு நின்றிருந்தாள். குனிந்து எட்டிப் பார்த்தாள். "மார்க்கெட் போகுமா?"

"போகும், ஏறுங்க" என்றார் அவர்.

அந்த அம்மாளும் ஏறிவிட்டாள்! பைகளைத் தையல்காரம்மாவின் மடியில் பாதி, தன் மடியில் பாதியாக வைத்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்றாள். டாக்டருக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது. ஆயிரம் பேரை வாயைத் திறக்கச் சொன்னவர்!

ஆனால் வண்டி நகரவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கை ஸ்டியரிங்கில் இருந்தது, கண் ரோட்டில் இருந்தது. மனுஷன் சிலையாக உட்கார்ந்திருந்தார். "என்னாச்சு, எஞ்சின்ல ஏதாவதா?" என்று டாக்டர் பதறினார். தையல்காரம்மா முன்சீட்டை எட்டிப் பிடித்தாள். போச்சு, எல்லாம் போச்சு. கேட் தூண் ஞாபகம் வந்துவிட்டது. நான் ஒரு பாவி, வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு வந்து இந்த ஆளை ஊருக்கு நடுவில் வைத்து அவமானப்படுத்திவிட்டேன்.

அப்போதுதான் கண்ணாடியில் அவர் கண்ணைப் பார்த்தாள். பயந்த கண் இல்லை அது. எதற்கோ காத்துக்கொண்டிருந்த கண். எதற்கு என்று சட்டென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முன்சீட்டின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"ரைட்! போலாம்!"

வண்டி கிளம்பியது.

அடக்க முடியாமல் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மார்க்கெட் அம்மாள் ஒன்றும் புரியாமல் தானும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு ஸ்கூட்டர்காரன் இடதுபக்கத்திலிருந்து சரேலென்று குறுக்கே வெட்டினான். பிரேக் அளவாகப் பிடித்தது, ஒரு பைகூட உருளவில்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினார்.

"டேய்! வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா? ரோடு என்ன உங்கப்பன் வீட்டு வாசலா? கண்ணைக் கழட்டிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு ஓட்டுறியா?"

தெருவே திரும்பிப் பார்த்தது. தையல்காரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பாடா! எத்தனை நாளாயிற்று இதைக் கேட்டு! யாருடைய பாட்டுக் கச்சேரியும் இத்தனை இனிப்பாக இருந்ததில்லை என்று தோன்றியது.

மார்க்கெட்டில் அந்த அம்மாள் இறங்கினாள். டிக்கெட் கேட்க ஆள் இல்லாததைப் பார்த்து ஒரு கணம் விழித்தாள், பிறகு ஜன்னலில் குனிந்து, "குலுக்கவே இல்லப்பா. நல்லா ஓட்டுறே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் கழுத்துப் பொத்தானை ஒருமுறை சரிசெய்துகொண்டார்.

கொட்டகைக்குத் திரும்பியதும் காருக்கு அடியில் படுத்தார், பானெட்டைத் திறந்தார், கதவுகளைத் தட்டினார். ஒவ்வொன்றாகக் குறை சொன்னார். பிரேக் ஒரு பக்கமாக இழுக்கிறது. டிரைவர் சீட்டுக்குக் கீழே துருப்பிடித்து ஓட்டை, ரோடு தெரிகிறது. ரேடியேட்டர் ஒழுகுகிறது. டாக்டர் முகம் தொங்கிக்கொண்டே போனது. தையல்காரம்மாவின் மனசும் கூடவே இறங்கியது. சாக்குத் தேடுகிறார், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"இதுல ரெண்டு மாசத்துக்கு வேலை இருக்கு சார்" என்றார். பசித்தவன் நிறைந்த இலையைப் பார்க்கிற மாதிரி காரைப் பார்த்தார். "காலையில இருந்து ராத்திரி வரைக்கும் வேலை இருக்கு. விலையை முடிச்சுக்கலாம்."

டாக்டர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிரேக்கை இன்னொரு சுற்றுப் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று தையல்காரம்மாவின் புருஷன் சொன்னபோது, டாக்டர் அவசரமாகச் சாவியை நீட்டி, "நீங்களே போயிட்டு வாங்க" என்றார்.

இந்தத் தடவை தையல்காரம்மா முன்சீட்டில் ஏறினாள். முனை திரும்பியபோது அவளுக்குப் பழக்கதோஷம், "ஏங்க, பார்த்து, மெதுவா" என்றாள்.

"வண்டி ஓட்டுறது நானா, நீயா?" என்று அவர் வெடித்தார். "கத்திரிக்கோலைப் பிடிக்கிறவளுக்கு ரோட்டைப் பத்தி என்னடி தெரியும்? வாயை மூடிக்கிட்டு வா."

இதற்கு அவளிடம் நல்ல சூடான பதில் ஒன்று தயாராக இருந்தது. ஆனால் அவர் இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று வாயை மூடிக்கொண்டு வந்தாள்.