மூடி திறந்த புட்டி

சலவைக்கடைக்காரருக்கு மூக்குதான் எல்லாம். டிரை வாஷ் செய்த கோட்டை முகர்ந்து பார்த்து, மருந்து வாடை போயிருந்தால்தான் வாடிக்கையாளர் கையில் கொடுப்பார். அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் அவர் மானத்தை வாங்கியது.

அங்கே வேலை பார்க்கும் மச்சினியின் மேசையில் இறுக மூடிய புட்டி ஒன்றில் கரும்பழுப்புத் திரவம் இருந்தது. உள்ளே அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரும் கொஞ்சம் பி12 வைட்டமினும். கடைக்குப் பின்னால் அவர் வருஷக்கணக்கில் கொட்டிய டிரை வாஷ் மருந்து மண்ணுக்குள் இறங்கி, மனைவியின் நாற்றுப்பண்ணைக்குத் தண்ணீர் கொடுத்த கிணற்றைக் கெடுத்துவிட்டது. தெரிந்து செய்யவில்லைதான். ஆனாலும் சுகாதார அதிகாரி கிணற்றுக்குப் பூட்டுப் போட்ட நாளிலிருந்து மனைவி அவரோடு பேசுவதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் தண்ணீரைச் சுத்தப்படுத்த வழி உண்டு என்று காட்டாவிட்டால் அதிகாரி கிணற்றைச் சிமென்ட் கொட்டி மூடிவிடுவார். அதற்கான சோதனைதான் அந்தப் புட்டி.

மச்சினி அந்தப் பக்கம் போனதுதான் தாமதம், மனிதர் மூடியைத் திறந்து மூக்கை நுழைத்துவிட்டார். கண்ணெதிரே தண்ணீர் சிவந்தது.

"மாமா! என்ன காரியம் பண்ணீங்க? காத்து படவே கூடாது!"

"வாடை போயிடுச்சான்னு பாத்தேம்மா..." அவசரமாக மூடியைத் திரும்ப வைத்தார். "வைட்டமின் செத்துப்போச்சா?"

திட்டப் போகிறாள் என்று காத்திருந்தார். பெருமூச்சுதான் வந்தது.

"சாகல. இந்த வைட்டமினுக்கு நடுவுல கோபால்ட்னு ஒரு உலோகம் இருக்கு. அதுக்கு எலக்ட்ரான் குடுத்தா, உங்க மருந்துல இருக்கிற குளோரினை ஒண்ணொண்ணா பிடுங்கிப் போடும். காத்து வந்தா எலக்ட்ரானைக் காத்துக்கே தூக்கிக் குடுத்துடும். மறுபடி குடுத்தா மறுபடி வேலை செய்யும். அக்கா மாதிரி ரோஷம் பாக்காது."

காற்றை வெளியேற்றி, எலக்ட்ரான் தரும் உப்பைச் சேர்த்து, புதிதாகக் கிணற்றுத் தண்ணீர் விட்டாள். நிறம் மெல்லப் பழுப்பானது. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. மருந்து ஏறக்குறைய இல்லை. மிஞ்சியது, காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயு.

மறுநாள் அதிகாரி வீட்டுக்கே வந்து சோதனை முடிவுத் தாளை இரண்டு முறை படித்தார். "சிமென்ட் வேண்டாம். மண்ணுக்குள்ளயும் இது வேலை செய்யுதான்னு பாருங்க. அதுவரைக்கும் பூட்டு இருக்கட்டும்."

அதிகாரி போன பிறகு மனைவி கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பினாள்.

"ஏங்க."

சலவைக்கடைக்காரர் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். யாருமில்லை.

"கிணத்துப் பம்பை வித்துடலாம்னு பக்கத்துக் கடையில சொன்னீங்களாமே. விக்காதீங்க."

சரி என்று தலையை ஆட்டினார், நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார்.