அண்ணன் இருக்கும் கட்டடம்

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை அடுத்து எந்தப் பிரிவை எடுக்க வேண்டும் என்பதில் ஊரில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பின் சீட்டில் மூக்கொழுக உட்கார்ந்திருக்கும் ஒன்றாம் வகுப்புப் பொடிசுகூட ஒருநாள், "கம்ப்யூட்டர் குரூப் எடுக்கச் சொல்லுங்க, ஏசி ரூம்ல வேலை" என்று எனக்குப் பாடம் நடத்தியது. கேட்காமல் வந்து யோசனை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அந்த மாதம் என்னைப் பாடாய்ப் படுத்தியது ஊர்வாய் இல்லை. வாயே திறக்காத என் அண்ணிதான்.

அண்ணன் மகளுக்கு உயிரியல் படிக்க வேண்டும். நேற்று முளைத்த ஆசை இல்லை அது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அண்ணனுக்கு இதயம் பழுதாகி இரண்டு காலும் வீங்கிப் போயின. அவள் கட்டிலோரம் உட்கார்ந்து அப்பாவின் காலை விரலால் அழுத்திப் பார்ப்பாள். குழி விழும். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நிற்கும். "ஏன் மேல வரமாட்டேங்குது?" என்று என்னைக் கேட்டாள், அண்ணியைக் கேட்டாள், வார்டுக்கு வந்த டாக்டரை வழிமறித்தே கேட்டாள். "பெரியவளாகிப் படிச்சுத் தெரிஞ்சுக்கோ" என்று தலையைத் தட்டிவிட்டுப் போனார் அவர். அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார், இவள் அதையே பிடித்துக்கொண்டாள். எந்நேரமும் காதோரம் கேள்வி கேட்டுக் குடைகிறவள் என்பதால் அண்ணன் வைத்த பெயர் கொசு. இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள், வீட்டில் இன்னமும் கொசுதான்.

அண்ணன் குழாய் வேலை பார்த்தவர். ஒருமுறை மருத்துவக் கல்லூரியில் பழைய குழாய்களைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடும் வேலை கிடைத்தது. அங்கே என்னத்தைப் பார்த்தாரோ, வேலை முடிந்து வந்தவர், தான் செத்தால் உடம்பை அந்தக் கல்லூரிக்கே கொடுத்துவிட வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்து நின்றார். நான் தாம் தூம் என்று குதித்தேன்.

"ஒரு உடம்பைச் சுத்தி அத்தனை பிள்ளைங்க முட்டிக்கிட்டு நிக்குதுங்கடி. பின்னாடி நிக்கறதுக்கு ஒண்ணுமே தெரியல" என்றார். நான் சமாதானமாகவில்லை. உடனே சிரிக்க ஆரம்பித்தார். "எட்டாவதோட நின்னவன் நான். செத்தாவது காலேஜுல சேர்ந்துக்கறேனே. நுழைவுத் தேர்வு கிடையாது, பீஸ் கிடையாது, யாரும் பெயிலும் ஆக்கமாட்டாங்க."

அப்படிப்பட்ட மனிதரிடம் என்ன பேசுவது? அவர் போன அன்று கல்லூரி வண்டி வாசலுக்கு வந்தது. அண்ணி அவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "பத்திரமா வச்சுக்குவீங்களா?" வண்டியில் வந்தவர் நல்ல மனிதர். ஆறுதலுக்காக, "எத்தனை வருஷமானாலும் ஒண்ணும் ஆகாதும்மா, மருந்து போட்டு வச்சிடுவோம்" என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் அண்ணன் செத்துப்போனார் என்று யாரும் சொன்னதில்லை. "காலேஜ்ல இருக்காரு" என்போம். கொசு ராத்திரியில் எழுந்து அழாமல் இருக்க நான்தான் முதலில் அப்படி விளையாட்டாகச் சொன்னேன். அண்ணன் சொன்ன வேடிக்கைதானே. நாளாக ஆக அது எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. பேசிப் பேசி அண்ணி அதை நம்பவே ஆரம்பித்துவிட்டார்.

அண்ணி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். கடைக்கு நேராகப் போகிற பஸ் இருக்கிறது. அதில் ஏறமாட்டார். மருத்துவக் கல்லூரி வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு போகிற பஸ்ஸில்தான் ஏறுவார். அந்த மஞ்சள் கட்டடம் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். மெல்ல முணுமுணுக்க ஆரம்பிப்பார். கொசு வாங்கிய மார்க், வாடகை கேட்டு வீட்டுச் சொந்தக்காரர் வந்து கத்தியது, சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுவது என்று ஒன்று விடாமல் அங்கே தகவல் போய்ச் சேரும். ஒருநாள் அவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டேன். இறங்கும்போது எதுவும் கேட்காதவள் மாதிரி இறங்கிவிட்டேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

உயிரியல் என்ற பேச்சை எடுத்தாலே அண்ணி எழுந்து போய்விடுவார். அதட்டவும் மாட்டார், காரணமும் சொல்லமாட்டார். "வேணாம்" என்ற ஒரு சொல்லோடு சரி. பெற்றவர் கையெழுத்து இல்லாமல் பள்ளியில் எந்தப் பிரிவிலும் சேர்க்கமாட்டார்கள். கடைசித் தேதி நெருங்க நெருங்கப் பிள்ளை சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழுந்து போக ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் சலவைக் கடைக்கே போய், அண்ணியை இஸ்திரி மேசைக்கு முன்னால் மடக்கிவிட்டேன்.

"அவ படிப்புல என்ன குறை கண்டீங்க அண்ணி? வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்?"

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். கடையில் வேறு யாரும் இல்லையா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"பயாலஜி படிச்சா அப்புறம் எங்க போவா? டாக்டருக்குத்தான் போவா. இந்த ஊர்ல வேற காலேஜ் ஏது? அங்கதான் சேருவா" என்றார். "முதல் வருஷமே அந்த ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயி எம் பொண்ணு கையில கத்தியைக் கொடுப்பாங்க. இவ துணியை விலக்கிப் பார்க்கும்போது படுத்திருக்கறது அவரா இருந்தா?"

 அப்படியெல்லாம் நடக்காது என்று சொல்ல வேண்டும். எந்த தைரியத்தில் சொல்வது? உள்ளே என்ன செய்கிறார்கள், எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு மட்டும் என்ன தெரியும்? பயந்த பெண்ணைப் பார்த்து நானும் பயந்துபோய் வீடு திரும்பினேன்.

அடுத்த வாரமே பள்ளியில் உயிரியல் கேட்ட பிள்ளைகளை மருத்துவக் கல்லூரிக்குச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார்கள். வேன் என்னுடையது. கொசு தோழி வீட்டுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்து ஏறிக்கொண்டாள். நானும் கண்டுகொள்ளவில்லை. பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள், நான் மர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் மற்றவர்கள் திரும்பி வருவதற்கு வெகுநேரம் முன்பே அவள் தனியாக வந்து என் பக்கத்து சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பா இங்க இல்ல அத்தை" என்றாள்.

உடம்புகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் ஒருவரிடம் அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். கேள்வி கேட்கத்தான் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லையே. "குழாய்க்காரர் பொண்ணா நீ?" என்று அந்த மனிதர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். கையலம்பும் இடத்தில் இன்றைக்கும் சொட்டாமல் வரும் தண்ணீர் அண்ணன் போட்ட குழாயில்தான் வருகிறதாம். இரண்டு வருடம் அவரை வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். பிறகு மற்றவர்களோடு சேர்த்து மரியாதையாகத் தகனம் செய்துவிட்டார்கள். மாணவர்கள், வாத்தியார்கள் எல்லோரும் வந்து நின்றார்களாம். அது ஆகி நாலு வருடம் ஓடிவிட்டது.

"நமக்கு ஏன்டி சொல்லல?" என்று நான் கத்தினேன்.

"போன் பண்ணிப் பண்ணிப் பார்த்தாங்களாம். யாரும் எடுக்கல."

"யாரு போனுக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். "அப்பா கொடுத்திருந்தது அவரோட நம்பரைத்தான்."

என் அண்ணனைத் தவிர வேறு யாருக்கு இது வரும்? தான் செத்த பிறகு கூப்பிடுவதற்குத் தன் நம்பரையே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எப்போதோ அணைத்து அலமாரியில் போட்ட அந்தப் போனுக்கு அவர்கள் அத்தனை தரம் அடித்திருக்கிறார்கள்.

கொஞ்சநேரம் கழித்துத்தான் எனக்கு மூளை வேலை செய்தது. "அப்படின்னா உங்கம்மாவுக்கு இனிமே என்ன பயம்? இன்னைக்கே சொல்லிடலாம். கையோட கையெழுத்து வாங்கிடலாம்."

"வேணாம் அத்தை. சொல்லாதீங்க. நான் கம்ப்யூட்டரே எடுத்துக்கறேன்."

"பைத்தியமா உனக்கு?"

"அம்மா தினமும் அப்பாகிட்ட பேசறாங்க. எனக்குத் தெரியும்" என்றாள். "சொல்லிட்டா நாளைக்கு அந்த பஸ்ஸுல ஏறி யாருகிட்ட பேசுவாங்க? அவங்களுக்காவது அப்பா இங்கயே இருக்கட்டும்."

பதினாறு வயது முடியாத பிள்ளை. தோழிகள் திரும்பி வந்ததும் கண்ணைத் துடைத்துவிட்டு இறங்கிப் போய்ப் பின் சீட்டில் அவர்களோடு உட்கார்ந்துகொண்டாள். நான் எப்படி வண்டியை ஓட்டி வந்து சேர்த்தேனோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாத்திரமெல்லாம் கழுவி வைத்த பிறகு பள்ளித் தாளைக் கொண்டுவந்து அம்மா முன்னால் வைத்தாள். மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும். கம்ப்யூட்டர் என்று எழுதி வைத்திருந்தாள்.

"யோசிச்சுப் பார்த்தேன்மா. இதுதான் நல்லதுன்னு தோணுது."

சொல்லும்போது சிரிக்கவும் சிரித்தாள். அண்ணியின் முகத்தில் அத்தனை நாள் இருந்த இறுக்கம் இறங்கியது. மகள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, "என் தங்கம்" என்று பேனாவைத் திறந்தார். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. ஒரு தாயின் மனசைக் காப்பாற்ற ஒரு பிள்ளை தன் வாழ்நாளை எடுத்துக் கொடுக்கிறாள், இரண்டு பேருக்கும் நடுவில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கவேண்டும். என்னால் முடியவில்லை. எனக்குப் பொறுமை இருந்ததும் இல்லை.

"அண்ணி, அண்ணன் இப்ப அங்க இல்ல."

"அத்தை!" என்று கொசு அலறினாள்.

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இல்லன்னா? வேற கட்டடத்துக்கு மாத்திட்டாங்களா?"

 அவ்வளவு நேரம் கொதித்துக்கொண்டிருந்த நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மகள்தான் அம்மாவின் பக்கத்தில் போய்ச் சொன்னாள். ஒளிக்காமல், அவசரப்படாமல், உதவியாளர் சொன்னபடியே எல்லாவற்றையும் சொன்னாள். 

"நாலு வருஷமா?" என்றார் கடைசியில்.

"ஆமாம்மா."

"கொளுத்தின அன்னைக்கும் நான் அந்த வழியாத்தான் போயிருப்பேன்."

 பிறகு அண்ணி என் பக்கம் திரும்பினார். அப்படி ஒரு கோபத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. "உன்னை யாரு கேட்டா? இவ சொல்லாம இருந்தாளே, உனக்கு என்ன வந்துச்சு?" என்றார். நியாயமான கேள்விதான். வாங்கிக்கட்டிக்கொண்டேன். இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நான் கம்ப்யூட்டரே படிக்கறேன்மா. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்றாள் கொசு.

அண்ணி அதைக் காதில் வாங்கவில்லை. "அன்னைக்கு யாராவது அழுதாங்களா?" என்று கேட்டார்.

"அப்பாகிட்ட படிச்ச பிள்ளைங்க அழுதாங்களாம்."

அந்த உதவியாளர் உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா, இவளாகச் சேர்த்துச் சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அண்ணி அந்த வார்த்தையை மெல்லத் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்தார். மகள் எழுதியிருந்ததை ஒரே கோட்டால் அடித்துவிட்டு, இஸ்திரிப் பெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்களால் அதற்கு மேலே உயிரியல் என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.

"படி. நல்லா படி" என்றார்.  "ஆனா எனக்கு ஒரு வாக்குக் கொடு. அங்க உன் மேசைக்கு யாரு வந்தாலும், வேலை முடிஞ்சு அவங்களை அனுப்பி வைக்கறப்ப நீ அவங்க வீட்டுக்கு நேர்ல போகணும். கதவைத் தட்டி, உட்கார வச்சு, கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லணும். ஆள் போயாச்சு, இனிமே காத்திருக்காதீங்கன்னு சொல்லணும்."

"சொல்றேன்மா."

அண்ணி பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தார். அதன் பிறகுதான் அழ ஆரம்பித்தார்.