குழாய் பூட்டிய பகல்

1

இந்தக் கதையை நான் கேட்டு வாங்கினேன். மட்டாஞ்சேரியில் என் பக்கத்து வீட்டு ரஃபீனா சாயா குடித்தபடி சொன்னது. அவள் கணவன் அன்சார் எண்ணெய்க் கப்பலில் பம்ப் வேலை பார்க்கிறான். பெருநாளுக்குக்கூட வரவில்லை. அப்புறம் ஒருநாள் அவன் கப்பல் கொச்சிக்கே வந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கடல் அவளை அழைத்தது, அவளோ—’

வேண்டாம். கடல் யாரையும் அழைக்கவில்லை. அவள் கரிமீன் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் இறக்கும் குழாயைப் பூட்டிக் கொடுத்துவிட்டால் மாற்று ஆள் பார்த்துக்கொள்வான், சாயங்காலம்வரை வீட்டில் இருக்கலாம் என்று அன்சார் சொல்லியிருந்தான்.

3

(குழாயைப் பற்றிக் கொஞ்சம். கரையிலிருந்து வரும் தடித்த ஹோஸைக் கப்பலின் குழாயோடு போல்ட் போட்டு இறுக்குவார்கள். நடுவில் கசிவைத் தடுக்கும் புது கேஸ்கட் வளையம். ஒரு போல்ட் ஓட்டையும் காலியாக இருக்கக் கூடாது. பிறகு காற்றை அடைத்து, இணைப்பில் சோப்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். குமிழ் வந்தால் கசிவு. அங்கே செல்போன் கூடாது.)

அடிப்பக்கத்தில் ஒரு குமிழ் வந்தது. அன்சார் மட்டும்தான் பார்த்தான். துடைத்தான். மறுபடி வந்தது. கரைக்கு இறங்கும் ஏணி பக்கத்திலேயே இருந்தது.

அதிகாரியிடம் போய்ச் சொன்னான். கழற்றிப் பார்த்தால் ஹோஸின் முனையே பழுது. வேறு ஹோஸ் வருவதற்குள் மாற்று ஆளை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். சரக்கு இறங்கி முடியும்வரை அன்சார் அந்த இணைப்பின் பக்கத்திலேயே நின்றான்.

4

அவன் வரக் காணாமல் ரஃபீனா படகுத்துறைக்குப் போனாள். எதிர்க்கரையில் கப்பல் தெரிந்தது. மேல்தளத்தில் ஆரஞ்சு உடுப்பில் சிலர். அவர்களில் ஒருவனை அவன்தான் என்று வைத்துக்கொண்டு, இருட்டும்வரை அவனையே பார்த்தாள். அது அன்சார்தானா என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

கப்பல் கிளம்பிய பிறகு அவன் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னான். பார்க்காத மாதிரி வந்திருக்கலாமே என்று அவள் கேட்டிருக்கிறாள்.

“கண்டிட்டேனே, ரஃபீ. கண்ட பெறகு எப்பிடி எறங்கி வருவேன்?”

5

எனக்கு மனசு கேட்கவில்லை. குமிழ் வரும் வரிகளை அடித்துவிட்டு வேறு முடிவு எழுதினேன்: இணைப்பு சரியாக இருக்கிறது, அன்சார் வீட்டுக்கு வருகிறான். ரஃபீனா வாசிப்பது மலையாளம்தான். அதனால் நானே வாசித்துக் காட்டினேன்.

நடந்தது அதுவல்ல என்று கோபிப்பாள் என்று நினைத்தேன். சாயா தம்ளரைக் கீழே வைத்தாள்.

“இன்னொருக்கா வாசிங்க, சேச்சி.”

வாசித்தேன். அவன் வாசலில் செருப்பைக் கழற்றும் வரி வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

அதற்கடுத்த வரியும் எழுதித்தான் வைத்திருக்கிறேன். அவள் கேட்காததை உங்களுக்கும் சொல்லமாட்டேன்.