கொடியில் ஒரே துண்டு

துவைக்கப் போடுமுன் கணவனின் சீருடைப் பைகளைத் துழாவிப் பார்ப்பது அவள் வழக்கம். சில்லறை வரும், கசங்கிய கைக்குட்டை வரும், ஒருமுறை பயணி யாரோ தவறவிட்ட ஒற்றைக் கம்மல்கூட வந்திருக்கிறது. அன்றைக்கு வந்தது ஒரு களிம்பு ட்யூப். பாதிக்கு மேல் பிதுக்கி, வாலை ஒழுங்காகச் சுருட்டி வைத்திருந்தது. பச்சை மூடி, வெள்ளை உடம்பு, குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

அவளுக்கு முதலில் தோன்றியது இதுதான்: என்னுடையதைக் கண்டுபிடித்துவிட்டார்!

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடிப் போய்த் தையல் மிஷினின் இழுப்பறையைத் திறந்தாள். பாபின் டப்பாவுக்கு அடியில் அவளுடைய ட்யூப் பத்திரமாக இருந்தது. நடுவயிற்றில் பிதுக்கி, கோணல்மாணலாக. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். அப்புறம்தான் உறைத்தது. அப்படியென்றால் இது அவருடையது. அவருக்கும் அதே படர்தாமரை.

அவளுக்கு அது வந்தது இடுப்பில், பாவாடை நாடா அழுத்துகிற இடத்தில். முதலில் ஒரு சின்ன வட்டம். ஓரம் சிவந்து தடித்து, நடுவில் மட்டும் நல்ல தோல் மாதிரி ஏமாற்றியது. ஆயத்த ஆடைக் கம்பெனியில் அவள் துணி சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறாள். சட்டையை மேஜையில் விரித்துப் போட்டு, வெளிப்புறம் உள்புறம் பார்த்து, தையல் விட்ட இடத்திலும் கறை பட்ட இடத்திலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். கண் பழகிப்போய், தன் உடம்பில் வந்ததையும் உடனே பார்த்துவிட்டாள். பார்த்தும் யாரிடமும் காட்டவில்லை. மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பியிடம் மட்டும் காதோடு காதாகச் சொன்னாள். அவன் இந்த ட்யூபைக் கொடுத்தான். போட்ட அன்றே அரிப்பு நின்றது. கொஞ்ச நாளில் வட்டமே காணோம். நிறுத்தினாள். மறுபடி வந்தது, பக்கத்தில் இன்னொரு வட்டத்தையும் கூட்டிக்கொண்டு. போட்டாள், போனது, விட்டாள், வந்தது. இப்போது அது வட்டமும் இல்லை, எதுவும் இல்லை. இடுப்பைச் சுற்றி யாரோ கிறுக்கிய மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

கணவனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் மறைவான இடத்தில் வருகிற நோய் என்றால் ஜனங்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: யாரிடமிருந்து? அந்தக் கேள்வி அவர் வாயிலிருந்து வந்துவிடுமோ என்று பயந்துதான் அவள் ஒளித்தாள். புழுக்கம் என்று சாக்குச் சொல்லித் தனிப் போர்வை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நாள் கழித்து அவர் முதுகு வலி என்று கூடத்துக்குப் படுக்கையை மாற்றினார். நிம்மதியாகவும் இருந்தது, நெஞ்சில் எதுவோ குத்தவும் செய்தது.

இப்போது அதே கேள்வியை அவளே கேட்டுக்கொண்டு நின்றாள். யாரிடமிருந்து?

அவர் நெடுந்தூரப் பேருந்து ஓட்டுகிறவர். வாரத்தில் பாதி இரவுகள் வேறு ஊரில். அங்கே ஓட்டுநர்களுக்கு ஓய்வறை இருக்கிறது என்பார். அவள் அதைப் பார்த்ததில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளுக்கு வராத சந்தேகம், ஒரு ட்யூபின் வாலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. கூடத்துக்கு ஏன் போனார்? முதுகு வலிக்கு ஒருநாளாவது தைலம் கேட்டாரா? போனில் பேசும்போது ஏன் வாசலுக்குப் போகிறார்? அவர் எப்போதும் வாசலுக்குப் போய்த்தான் பேசுவார், உள்ளே சிக்னல் கிடைக்காது என்பது அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

துணியை ஊறப் போட்டுவிட்டு, இரண்டு ட்யூபையும் பையில் போட்டுக்கொண்டு தம்பியின் கடைக்கு நடந்தாள்.

கடையில் கூட்டம் இல்லை. அவள் கண்ணாடி மேஜைமேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னோடது. அது யாரோடதுன்னு நீயே சொல்லு."

தம்பி தெருவைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், அப்புறம் வேறு வழியில்லாமல் அக்காவைப் பார்த்தான்.

"அக்கா, மெதுவா பேசேன். தலைவலி மாத்திரை வாங்க வந்தவ மாதிரி முகத்த வச்சுக்கோ."

"தலைவலி எனக்கு இல்லடா, இனிமே உனக்குத்தான். சொல்லு."

"மாமாவோடதுதான்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல நீ?"

"எப்படிச் சொல்லுவேன்? அக்காவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான், சத்தியம் பண்ணுன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு. நீயும் அதுக்கு முன்னாடி அதே கையத்தான் புடிச்ச. எனக்கு இருக்கறது ஒரே வாய்தான்க்கா. ரெண்டு பேருக்கும் மூடிக்கிட்டு இருந்தேன்."

அவன் சொன்னது சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் நேரான தையலுக்கு நடுவில் விட்டுப்போன ஒரு தையல் மாதிரி, ஒரு வார்த்தை அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"முன்னாடின்னா?"

"என்ன முன்னாடி?"

"அதுக்கு முன்னாடின்னு சொன்னியே. யாருக்கு முதல்ல வந்துச்சு?"

தம்பி இரண்டு ட்யூபையும் எடுத்துத் துடைத்து, திரும்ப வைத்தான். "அத எதுக்குக் கேக்கற?"

"டேய்."

"நீதான்க்கா முதல்ல வந்த. மாமா ரொம்ப நாள் கழிச்சுத்தான் வந்தாரு."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், அவள் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் ஒவ்வொன்றும் உள்புறம் வெளிப்புறமாகத் திரும்பிக்கொண்டன. தனிப் போர்வை எடுத்தது யார்? அவள். விளக்கை அணைத்த பிறகுதான் உடை மாற்றுவேன் என்று ஆரம்பித்தது யார்? அவள். கம்பெனியில் ஓவர்டைம் என்று நேரம் கழித்து வருகிறவள் யார்? எல்லாவற்றையும் ஒரு மனுஷன் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார். பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல், தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனாரா? அவர் வீட்டைவிட்டுப் போய்விடுவாரோ என்று பயந்துகொண்டு வந்தவளுக்கு, ஏற்கெனவே பாதி போய்விட்டாரோ என்று இப்போது தோன்றியது.

அவள் உள்ளே நுழைந்தபோது அவர் தூங்கி எழுந்து, முழங்கை வரை சோப்புத் தண்ணீர் வாளிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"என்ன தேடறீங்க?"

"ஒண்ணுமில்ல. சில்லறை."

அவள் அவருடைய ட்யூபைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். அவர் முகம் செத்துப்போயிற்று. கையிலிருந்து நுரை சொட்டியது. அவர் வாயைத் திறக்குமுன் தன்னுடையதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"ரெண்டு எதுக்கு?" என்றார்.

"ஒண்ணு உங்களோடது. இன்னொண்ணு என்னோடது. எனக்குத்தான் முதல்ல வந்துச்சு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு ட்யூபையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்று வாலில் சுருட்டியது, இன்னொன்று நடுவில் நசுக்கியது. பற்பசைக்காக இந்த வீட்டில் நடக்காத சண்டை இல்லை.

"நான்தான் கொண்டுவந்து உனக்கு ஒட்டவச்சிடுவேனோன்னு..." என்று ஆரம்பித்தார். "ரெஸ்ட் ரூம்ல ஒரே போர்வையத்தான் எல்லாரும் மாத்தி மாத்தி போத்திக்கறோம். இன்ஜின் சூட்டுல நாள் பூரா ரெக்சின் சீட்டு. அங்கேர்ந்து வந்ததுன்னு சொன்னா நீ நம்புவியான்னு தெரியல. அதான் ஹாலுக்குப் போயிட்டேன்."

"முதுகு வலி?"

"முதுகும் வலிச்சுது. தரையில படுத்ததுக்கப்புறம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும். எது முதலில் வெளியே வரும் என்று தெரியாமல் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் தலைநிமிராமல் சொன்னார்: "நீ தனிப் போர்வைய எடுத்தப்போ நான் வேற மாதிரி நினைச்சேன்."

அவள் பயந்தது வந்துவிட்டது. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எப்படி?"

"வண்டி ஓட்டறவன் உடம்பு. டீசல் நாத்தம், வேர்வை நாத்தம். இத்தன வருஷம் பொறுத்துக்கிட்டா, இப்ப முடியல போலன்னு."

அவள் நம்பினாள். மனசில் ஒரு மூலை மட்டும், அந்த ஓய்வறை எப்படி இருக்கும் என்று இன்னும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்கும் அப்படி ஒரு மூலை இருக்குமாயிருக்கும். அதை இருவரும் அன்றைக்கு மூடவில்லை.

தோல் மருத்துவமனையில் வரிசை வாசல்வரை நின்றது. குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். எல்லாரும் பார்வையை உயர்த்தாமல் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் ஏதோ ஓரிடத்தைச் சொறியாமல் இருப்பதற்குப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சின்ன வயசுப் பெண். மேஜைமேல் வைத்த ட்யூபைப் பார்த்ததும் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி அதைக் காட்டிச் சிரித்தார்.

"வாங்க. இந்த வரிசைல பாதிப் பேரு இவரோட சொந்தக்காரங்கதான்."

இருவரையும் திரைக்குப் பின்னால் பார்த்தார். அவளுடைய இடுப்பில் ஓரத்தைக் கத்தியின் முனையால் லேசாகச் சுரண்டி, செதிலைக் கண்ணாடித் துண்டில் போட்டு, ஒரு சொட்டு திரவம் விட்டார். நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "வேணும்னா நீங்களும் பாருங்கம்மா" என்றார். அவள் குனிந்தாள். மங்கலான வெளிச்சத்தில் கிளை கிளையாக நூல் ஓடியது. கிழிந்த துணியின் ஓரத்தில் பிரிந்து நிற்கும் நூல் மாதிரியே. சிவப்பு அம்பை எங்கே ஒட்டுவது என்று கை தானாகத் தேடியது.

"இதுதான் பூஞ்சை," என்றார் டாக்டர். "உங்க ட்யூப்ல பூஞ்சை மருந்து கொஞ்சம், ஸ்டீராய்டு நிறைய. ஸ்டீராய்டு அரிப்ப நிறுத்திடும், செவப்ப மறைச்சிடும். பூஞ்சை உள்ள ஜாலியா வளரும். தோலு மெலிஞ்சு போயி, பாருங்க, கோடு விழ ஆரம்பிச்சிருக்கு."

"ஒரு மாத்திரை போட்டா போயிடாதா மேடம்?" என்றார் அவர்.

"நாங்க படிச்சப்போ ரெண்டு வாரத்துல போயிட்டுதான் இருந்துச்சு சார். இப்ப வர்ற பூஞ்சைல பாதி பழைய மாத்திரைக்கு மசியறதே இல்ல. அதனால வேற மாத்திரை, தடவறதுக்கு ஸ்டீராய்டு இல்லாத வேற மருந்து, மாசக்கணக்குல. ஆரம்பிக்க முன்னாடி ரத்தம் ஒண்ணு பாத்துடலாம். ட்யூபை நிறுத்தினதும் கொஞ்ச நாள் அரிப்பு எகிறும். பயந்துபோய் திரும்ப அதையே தொட்டீங்க, நான் பொறுப்பில்ல. இடம் நல்லா ஆன மாதிரி தெரிஞ்ச பிறகும் மருந்த விடக் கூடாது."

அவள் தயங்கிக் கேட்டாள். "யாருக்கு யார்கிட்டேர்ந்து வந்துருக்கும் டாக்டர்?"

டாக்டர் எழுதுவதை நிறுத்தவில்லை. "அத கண்டுபிடிக்க எங்கிட்ட மிஷின் இல்லம்மா. பஸ் சீட்டா இருக்கலாம், கம்பெனியா இருக்கலாம். தனித்தனியா படுக்கறீங்களா?"

"ஆமா," என்றார்கள் இருவரும், கொஞ்சம் பெருமையாகக்கூட.

"துணி தனித்தனியா துவைக்கறீங்களா?"

"ஆமா."

"துண்டு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குளியலறைக் கொடியில் தொங்குவது ஒரே ஒரு துண்டு. கம்பெனியின் துண்டுப் பிரிவில், ஓரத்தில் நிறம் மாறிப்போனதால் ஒதுக்கிய துண்டு. கனமாக, மெத்தென்று, தண்ணீரை உறிஞ்சுகிற துண்டு. அவள் ஆசையாகக் கொண்டுவந்தது. அவர் ஆசையாகத் துடைத்துக்கொண்டது. இத்தனை மாதமும் இரண்டு அறையில் விலகி விலகிப் படுத்துவிட்டு, காலையில் அவள் துடைத்த ஈரத்தில் அவரும், அவர் துடைத்த ஈரத்தில் அவளும் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நல்ல குடித்தனம்!"

டாக்டர் சொன்ன மாதிரியே எகிறியது. கம்பெனியில் அவள் சொறியப் போகும் ஒரு கையை மேஜையடியில் மடக்கிக்கொண்டு, மறு கையால் சட்டைகளை விரித்துப் பார்த்தாள். அவர் ஒரு நாள் வெறுத்துப்போய் மைத்துனன் கடைக்கே போய்விட்டார். "ஒரே ஒரு ட்யூப் குடுடா, யாருக்கும் தெரியாது" என்றதற்கு, "மாமா, இனிமே நீங்க ரெண்டு பேரும் என்கிட்ட ரகசியம் பேசாதீங்க, என் உடம்பு தாங்காது" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டான். துணிகளைக் கொதிக்கும் நீரில் ஊறவைத்து, வெயிலில் காயப்போட்டு, மடிப்பு மடிப்பாக இஸ்திரி போட்டாள். கொடியில் இரண்டு துண்டுகள் எதிரெதிர் மூலையில் தொங்கின. கூடத்துப் படுக்கை ஒருநாள் அறை வாசலுக்கு வந்தது. பிறகு அறைக்குள், கட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு கை நீட்டினால் எட்டுகிற தூரத்துக்கு. போர்வைகள் மட்டும் தனித்தனி.

முதுகு அவருக்கு எட்டாது. வண்டிக்குக் கிளம்பும் காலைகளில் ஜன்னல் வெளிச்சத்தில் அவரைத் திருப்பி நிறுத்தி அவள் மருந்து தடவுவாள். பழைய வட்டங்கள் பழுப்புத் தடமாக மங்கிக்கொண்டு வந்தன. அன்றைக்குத் தோள்பட்டைக்குக் கீழே புதிதாக ஒன்றைப் பார்த்தாள். பொட்டளவு சிவப்பு. கொசுக் கடியாக இருக்கலாம். ஓரம் தடித்திருக்கிறதா, இல்லை, வெளிச்சத்தின் சாயலா? விரலால் தடவிப் பார்த்தாள். தெரியவில்லை.

கம்பெனியில் சந்தேகமான துணியை ஒதுக்கித் தள்ளுவதில்லை. அம்பு ஒட்டித் தனியாக வைத்து, மறுநாள் வேறு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். அவள் பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்து, ஒரு சிவப்பு அம்பைப் பிய்த்து, அதன் பக்கத்தில், நல்ல தோலின்மேல் ஒட்டினாள்.

"என்ன ஒட்டற?"

"அசையாதீங்க. திரும்பி வந்ததும் அதே இடத்தப் பாக்கணும்."

"ரிஜெக்ட் பீஸா நான்?"

"ரிஜெக்ட்னு நான் சொன்னேனா? இன்னொரு தடவ பாக்கணும்னேன்."

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு, தன்னுடைய போர்வையும் துண்டும் வைத்த பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவள் ஜன்னலில் நின்றாள். தெருவைக் கடக்கும்போது அவருடைய கை மெல்லப் பின்பக்கமாக மடங்கி, தோள்பட்டையை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. அவர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். அவள் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும், மடக்கிய அந்தக் கையையே மேலே தூக்கி, போய்வருகிறேன் என்பதுபோல ஆட்டினார்.