கண்ணாடிக் கதவுக்கு ஒரு வார்த்தை

இயந்திரம் முதல் எழுத்தை வெட்டி முடிப்பதற்குள் ஸ்டிக்கர் கடைக்காரருக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. சிவப்புத் தாளில் ‘வ’. அடுத்தது ‘ந்’. பதினெட்டு வருஷத் தொழிலில் எத்தனையோ பெயர் வெட்டியிருக்கிறார். எதற்கும் இப்படித் தயங்கி நின்றதில்லை. எதிர் ஸ்டூலில், அவர் குடியிருக்கும் அடுக்குமாடியின் செயலாளர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசல் கண்ணாடிக் கதவில் ஒட்ட அவர் எழுதிக்கொண்டுவந்த வாசகம் இது: ‘வந்தேறிகளுக்கு இங்கே வீடு இல்லை.’

கடைக்காரரின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. அதே கட்டடத்தின் கீழ்வீட்டை அவருடைய தங்கை குடும்பத்துக்கு வாடகைக்கு விடச் சம்மதம் என்று வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தது. செயலாளர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. தங்கையும் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் சொந்த ஊரில் இருந்த வீட்டைக் காலிசெய்துவிட்டு பஸ் ஏறியாகிவிட்டது. நாலு மணிக்கு வந்துவிடுவார்கள். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்றே ஒரு வாரத்தை ஓட்டிய மனுஷனை என்னவென்று சொல்வது!

மெல்ல ஆரம்பித்தார். ‘வெளியாட்கள்’ என்று போட்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்குமே என்றார். தபால்காரரும்தான் வெளியாள், யாரைச் சொல்கிறோம் என்று படிக்கிறவனுக்கு உறைக்க வேண்டாமா என்றார் செயலாளர். எங்கிருந்தோ வந்து ஏறி உட்கார்ந்தவன், அவ்வளவுதானே அர்த்தம், இதில் வசவு எங்கே வந்தது என்றும் கேட்டார்.

அகராதியில் என்ன இருக்கிறதோ, கடைக்காரருக்குத் தெரியாது. இந்த ஊருக்கு வந்த முதல் மாதம், வேலை கேட்டுப் போன இடத்தில் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ‘போடா வெளியே’ என்றுதான் அவர் காதில் விழுந்தது. அன்றைக்கே தன் ஊர்ப் பேச்சை மாற்றிக்கொண்டார். கடையில் ஒரு குரல், வீட்டில் ஒரு குரல். “இப்ப பேசுறது எந்த ஆளு?” என்று மனைவி கிண்டல் செய்வாள்.

“எத்தன வருஷம் இருந்தா சார் அந்தப் பேரு போகும்?”

செயலாளர் சிரித்தார். “அட, ஒங்களயா சொல்றோம்? நீங்க நம்மாளு. இந்த வார்த்தையே நீங்க எடுத்துக் கொடுத்ததுதானே.”

கடைக்காரர் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். மறக்குமா? போன மாதக் கூட்டத்தில், லிஃப்டைக் கெடுத்தது யார் என்று பேச்சு வந்தபோது எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல ஒரு பயம். எல்லாம் இப்போது வந்த வந்தேறிகள் வேலை என்று முந்திக்கொண்டு சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் தோளில்கூடத் தட்டினார். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார், பாவி.

வெட்டி முடித்ததும் செயலாளர் அவரைக் கையோடு கட்டடத்துக்கு அழைத்துப் போனார். கடைக்காரர் கதவில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். ஈரம் காயும்வரை எழுத்தை நகர்த்தலாம், உரித்தும் எடுத்துவிடலாம். காய்ந்துவிட்டால் பிளேடு வைத்துச் சுரண்ட வேண்டியதுதான். எழுத்துகள் கலையாமலிருக்க மேலே வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. ஒற்றை ஆளாகத் தூக்கிப் பிடித்தால், ஒரு முனை சரிந்துகொண்டே வந்தது.

“விடுண்ணே, நான் பிடிச்சிக்கிறேன்.”

தங்கை. பஸ் சீக்கிரமே வந்துவிட்டதாம். பையைத் தரையில் போட்டுவிட்டு, சரிந்த முனையை இரண்டு கையாலும் கண்ணாடியில் அழுத்தினாள். தாளுக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் அவள் புருஷன் பெட்டிமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிள்ளைகள் மாடியை அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்தன.

“யாரு இவங்க?” என்றார் செயலாளர்.

வாய்க்கு வந்தது வீட்டுக் குரல்தான். “எங்கூடப் பொறந்தவ சார். கீழ்வீட்டுக்குக் குடிவந்திருக்கா. நான் எப்படி வந்தேனோ, அப்படித்தான் வந்திருக்கா.” சோப்பு ஈரக் கையாலேயே கடிதத்தை எடுத்து நீட்டினார்.

செயலாளர் அதை வாங்காமல் பிள்ளைகளைப் பார்த்தார், வெள்ளைத்தாளைப் பார்த்தார்.

“நேரா இருக்காண்ணே?” என்று கேட்டுக்கொண்டே தங்கை நன்றாக ஒட்டட்டும் என்று இன்னும் அழுத்தினாள். சோப்புத் தண்ணீர் அவள் முழங்கைவரை வழிந்தது. வெயில் பட்ட மேல் ஓரம் காய ஆரம்பித்திருந்தது.